வீடியோ பாருங்க தம்பி!

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க இதைப் படித்தால் சிரிப்பார்கள். பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு ஏபிஐ, ஏஜென்ட் என்றெல்லாம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு என்று. பரவாயில்லை, சிரிங்க. ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுச் சிரிக்கவும் :-)

பில் போடுகிற, கணக்கு எழுதுகிற மென்பொருள் விற்கிறவர்கள் எல்லாரும் இப்போது "ஏஐ இணைப்பு இருக்கு சார்" என்று சொல்லித்தான் கடைக்குள்ளேயே நுழைகிறார்கள். எங்க எ.புதூரில் சின்ன ஹார்டுவேர் கடை வரைக்கும் வந்தாச்சு. பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் கடைகளுக்கும் கூட்டம், கடைக்காரர்களைத் தேடி வரும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் கூட்டம். இணைப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்த இணைப்பு என்ன செய்யும், என்ன செய்யாது, தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள். "வீடியோ பாருங்க தம்பி."

இந்தப் பதிலுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

ஏஜென்ட் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், மென்பொருளுக்குள் போய் வேலையையும் தானே செய்கிற ஏஐ. அதற்கு "உன் கையில் இன்னின்ன கருவிகள் இருக்கு" என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், இரண்டு மூன்று வரி விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற பொது முறையில் அமைப்பு இதுதான். அடுத்த வருஷமே ஓப்பன்ஏஐ, கூகுள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டார்கள். இதில் முக்கியமான விஷயம், உங்கள் ஊர் மென்பொருளைப் பற்றி அந்த ஏஜென்ட்டுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று வரி மட்டும்தான்.

காந்தி மார்க்கெட் மண்டியில் புதுசாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால் முதல் மூன்று மாதம் கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். எந்தப் பார்ட்டிக்குக் கடன் கொடுக்கலாம், எந்த மூட்டைக்கு எடை கழிக்கணும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வான். தெரியாவிட்டால் "அண்ணே, இது எப்படி?" என்று கேட்பான். ஏஜென்ட் தினமும் காலையில் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி. நேற்று நீங்கள் வாயால் சொன்னது எங்காவது எழுதி வைக்கப்படாவிட்டால் இன்றைக்கு அதற்குத் தெரியாது. முழிக்கவும் முழிக்காது. விளக்கத்தில் இல்லாததை ஊகித்து, தைரியமாகச் செய்து முடித்து, "முடிந்தது" என்று பணிவாகச் சொல்லும். அந்தப் பணிவைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் சித்தப்பா கடையில் நடந்ததைச் சொல்கிறேன் (மென்பொருள் கம்பெனி பெயர் வேண்டாம், இது ஒரு கம்பெனியின் வியாதி இல்லை). ஒரு இன்ச் பிவிசி எல்போ 140 இருப்பு இருந்தது. புதுசாக 60 வந்து இறங்கியது. டெமோவில் காட்டிய மாதிரியே சித்தப்பா ஏஜென்ட்டிடம் "எல்போ 60 வந்திருக்கு, ஸ்டாக்ல ஏத்து" என்றார். அதன் கையில் இருந்த கருவியின் விளக்கம் மொத்தமே இவ்வளவுதான்: "ஸ்டாக்கை அப்டேட் செய்யும்". கொடுக்க வேண்டியது பொருளின் பெயர், எண்ணிக்கை. ஏஜென்ட் 60 என்று கொடுத்தது. இருப்பு 200 ஆகவில்லை, 60 ஆனது. அன்றைக்கு இறங்கிய பதினான்கு பொருளுக்கும் இதே கதை.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: கடைக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் இருக்கிறது. மாதாமாதம் இருப்புப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் இருப்பு குறைந்தால் கடையின் டிராயிங் பவரும் குறையும். அதாவது சரக்கு குடோனில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் சப்ளையருக்குக் கொடுத்த செக் திரும்பி வரும். நல்லவேளை, பட்டியல் வங்கிக்குப் போவதற்கு முன்பே சித்தப்பா கண்ணில் பட்டுவிட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இந்த அப்டேட்டுங்கிறது பழைய ஸ்டாக்கோட கூட்டுமா, இல்ல பழசை எடுத்துட்டு இதையே வைக்குமா?"

"அதெல்லாம் ஈஸி தம்பி. வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

முப்பத்தெட்டு நிமிஷ வீடியோ. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. முப்பத்தோராவது நிமிஷத்தில் அரை வாக்கியம் வருகிறது: "இங்க டோட்டல் குடுத்துடணும்." அவ்வளவுதான். அந்த அரை வாக்கியத்தை எழுத்தில் வைத்திருந்தால் இப்படி இருந்திருக்கும்: "கொடுக்கும் எண்ணிக்கை பழைய இருப்போடு கூட்டப்படாது, பழைய இருப்பு நீங்கி இதுவே புதிய இருப்பாகும். சரக்கு வரவுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம், கொள்முதல் பதிவுக் கருவியைப் பயன்படுத்தவும். எண்ணிக்கை பீஸ் கணக்கில், பாக்ஸ் கணக்கில் அல்ல." எழுத அஞ்சு நிமிஷம் ஆகுமா? வீடியோ எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வீடியோ மேல் எனக்கு விரோதம் இல்லை. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி காஸ்ட் அக்கவுண்டிங் பாஸ் பண்ண வைப்பதே வீடியோதான். ஆனால் வீடியோவில் தேட முடியாது. பழைய பதிப்பு எது, புதுசு எது என்று தெரியாது. முக்கியமாக, வீடியோ எடுக்கும்போது எல்லாம் சரியாகப் போகிற வழியை மட்டும்தான் காட்டுவார்கள். தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று யாரும் படம் பிடிப்பதில்லை. கணக்கில் ஆபத்து முழுக்க அங்கேதான் இருக்கிறது.

டேலியை எடுத்துக்கொள்வோம். பி.காம் பசங்களுக்கு அது இரண்டாவது தாய்மொழி. டேலிக்கு வெளியிலிருந்து எக்ஸ்எம்எல் வடிவத்தில் வவுச்சர் அனுப்பலாம். வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் அது காத்திருக்கும். எத்தனை உருவானது, எத்தனை மாறியது, எத்தனை பிழை என்று எண்ணிக்கையோடு பதிலும் கொடுக்கும். இதற்கெல்லாம் மாதிரிகளோடு உதவிப் பக்கங்கள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. இப்போது ஆளாளுக்கு டேலியை ஏஜென்ட்டோடு இணைக்கும் கருவி எழுதுகிறார்கள். அந்த எக்ஸ்எம்எல்லில் பற்றுத் தொகை மைனஸில் போக வேண்டும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளத்தின் பெயரோ "டீம்ட் பாசிட்டிவ்", அதற்கு "ஆம்" என்று போட வேண்டும். பாசிட்டிவ் என்று கருதப்படுவதன் தொகை மைனஸ்! பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் பற்று என்பது இடது பக்கம், அவ்வளவுதான். அதற்குக் கூட்டல் கழித்தல் குறி எதுவும் கிடையாது.

அதே புத்தகத்தில் இன்னொரு பாடமும் உண்டு. இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள். பற்று வைக்க வேண்டியதை வரவு வைத்து, வரவு வைக்க வேண்டியதைப் பற்று வைத்தால் இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகும். கணக்கு மட்டும் தலைகீழாக இருக்கும். ஒரு இணைப்புக் கருவியின் விளக்கத்தில் "தொகை" என்று மட்டும் எழுதி, அது மைனஸா பிளஸா என்று எழுதாமல் விட்டால், ஏஜென்ட் என்ன செய்யும்? ஊகிக்கும். தப்பாக ஊகித்தாலும் மொத்தம் பூஜ்யம் வருகிறது. யாருக்குத் தெரியப்போகிறது, ஆடிட்டர் வந்து தலையில் கை வைக்கும் வரைக்கும்?

இன்னொரு சின்ன உதாரணம், சிரிப்புக்காக. டேலியை லைசென்ஸ் இல்லாமல் படிப்புக்கான முறையில் ஓட்டினால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும். எங்கள் வகுப்பில் நாங்கள் நடத்திய கற்பனைக் கம்பெனிகள் எல்லாம் மாதத்துக்கு மூன்று நாள்தான் வியாபாரம் செய்தன. எங்களுக்கு இது தெரியும், ஏனென்றால் லேபில் சார் சொன்னார். இந்த வரி கருவியின் விளக்கத்தில் இல்லையென்றால், 17ஆம் தேதி பில் ஏறவில்லை என்று பார்க்கிற ஏஜென்ட், சமர்த்தாக 1ஆம் தேதிக்கு மாற்றிப் போட்டுவிட்டு "முடிந்தது" என்று சொன்னால் அதன் மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

"நம்ம ஊர்ல யாருய்யா அவ்வளவு விலாவாரியா எழுதுவாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. எழுதியிருக்கிறார்கள். அதுவும் அரசாங்கத்தில்! ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் என்று வந்து நிற்கிறது. துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் வைத்திருக்கிற நடுத்தர ஆட்களும் இதற்குள் வந்துவிட்டார்கள். இதற்கான ஏபிஐ பக்கத்தை என்ஐசி எழுதியிருக்கிற விதத்தைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் கட்டாயமா விருப்பமா, எத்தனை எழுத்து வரை, என்ன வடிவம் என்று இருக்கிறது. பிழை எண்களுக்குத் தனிப் பட்டியல். அதில் பிழை என்ன என்பதோடு நிற்காமல், ஏன் வந்தது, என்ன செய்தால் தீரும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு உதாரணம். பில்லை அனுப்பும்போது நெட் கட்டாகிறது. போனதா இல்லையா தெரியவில்லை. மறுபடி அனுப்பலாமா? எங்க ஊர் மென்பொருளில் மறுபடி அனுப்பினால் இரண்டு பில் விழும் (விழுந்திருக்கிறது). இ-இன்வாய்ஸில் ஐஆர்என் என்கிற 64 எழுத்து எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதே பில்லைத் திரும்ப அனுப்பினால் 2150 என்ற பிழை வரும்: இதற்கு ஏற்கெனவே ஐஆர்என் இருக்கிறது என்று. ஒரு ஏஜென்ட்டுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் பேச முடியாது. "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று எழுதுகிற புண்ணியவான்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. அரசாங்கம் எழுதினாலும், நடுவில் உட்கார்ந்திருக்கும் பில்லிங் மென்பொருள் அதைத் தன் ஏஜென்ட் கருவிக்குள் கொண்டுவரும்போது என்ன எழுதுகிறது? "இ-இன்வாய்ஸை ரத்து செய்யும்." ஒரு வரி, முற்றுப்புள்ளி. பி.காம் படிக்கிற எந்தப் பையனும் பொண்ணும் சொல்லிவிடுவார்கள் இதில் என்ன இல்லையென்று. ஐஆர்என் வாங்கிய 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். முழு பில்லைத்தான் ரத்து செய்ய முடியும், ஒரு வரியை மட்டும் முடியாது. நடப்பில் இ-வே பில் இருந்தால் ரத்து ஆகாது. ரத்து செய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் தாண்டினால் கிரெடிட் நோட் போடுவது போன்ற வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவும் தெரியாத ஏஜென்ட்டிடம் "அந்தப் பில்லுல ரேட்டு தப்பு, சரி பண்ணு" என்று சொன்னால், ரத்து செய்து அதே எண்ணில் புது பில் போடப் பார்க்கும். முதல் பாதி நடந்துவிடும். இரண்டாம் பாதி நடக்காது. லாரி கேட்டில் நிற்கும்.

எம்சிபியிலேயே 2025இல் இதற்கு இடம் வைத்தார்கள். இந்தக் கருவி பார்க்க மட்டுமா, எதையாவது அழிக்குமா, இரண்டு தடவை கூப்பிட்டால் இரண்டு தடவை நடக்குமா என்று குறித்து வைக்கலாம். டிக் அடிக்கிற வேலைதான். அதைக்கூட அடிக்காமல் சந்தைக்கு அனுப்புகிறவர்களை என்ன சொல்ல?

இதற்கு வருகிற மறுப்புகளில் ஒன்றுதான் கொஞ்சம் மதிக்கத் தக்கது. "திரையைப் பார்த்துத் தானே க்ளிக் பண்ணுகிற ஏஜென்ட் எல்லாம் 2024 கடைசியிலிருந்தே வந்துவிட்டது, இனி விளக்கம் எழுத வேண்டிய அவசியமே இல்லை, அதுவே பார்த்துப் புரிந்துகொள்ளும்." சரி, அதுவே பார்க்கட்டும். திரையில் "கேன்சல்" என்று ஒரு பொத்தான் தெரியும். 24 மணி நேர விதி அந்தப் பொத்தான் மேல் எழுதியிருக்கிறதா? ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்துவிட்டால் அதைத் திருத்த முடியாது என்று பொத்தானைப் பார்த்து யாராவது கண்டுபிடிக்க முடியுமா? ஏஜென்ட்டின் கண் எவ்வளவு கூர்மையானாலும் எழுதப்படாததை அது படிக்க முடியாது. பொதுவான விதிகள் அதற்கு எங்கிருந்தோ தெரிந்திருக்கலாம். உங்கள் மென்பொருளில் "அப்டேட்" என்றால் கூட்டுவதா மாற்றுவதா என்பது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?

இன்னொரு மறுப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் எங்களை யார் கூப்பிடுவார்கள்? வருஷச் சந்தா, சர்வீஸ் சார்ஜ், "நான் வந்து பார்க்கிறேன் சார்" எல்லாம் என்னாவது? மென்பொருள் விற்கிறவர் மட்டும் இல்லை, சில அக்கவுண்டன்ட்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எந்த லெட்ஜருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பதையே ரகசியமாக வைத்திருக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் லீவு போட்டால் கடையே லீவு.

வெனிஸ் வியாபாரிகள் இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். லூகா பாசியோலி அதைக் கண்டுபிடிக்கவில்லை; 1494இல் தன் கணித நூலில் ஒரு பகுதியாக, எந்தப் புத்தகத்தில் எதை எப்படி எழுத வேண்டும் என்று விளக்கி அச்சில் கொண்டுவந்தார். செய்தது அவ்வளவுதான், விளக்கம் எழுதியது. ஐந்நூறு வருஷம் கழித்து திருச்சியில் உட்கார்ந்து நாங்கள் அவர் பெயரைப் பரீட்சையில் எழுதுகிறோம். எழுதி வைத்ததால் கணக்கப்பிள்ளைகள் பிழைப்பு போய்விட்டதா? ஊர் ஊராகக் கணக்கப்பிள்ளைகள் பெருகினார்கள்.

ஏஜென்ட் வந்தபின் அதே மாதிரிதான் நடக்கும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நானும் என் கூடப் படிக்கிற அறுபது பேரும் வேலை தேட வேண்டும். பில் ஏற்றுகிற வேலைக்கு ஆள் குறைப்பார்கள் என்கிற பயம் எங்களுக்கு நிஜமாகவே இருக்கிறது. ஆனால் தெரிந்ததை வாய்க்குள் பூட்டி வைத்தால் அந்த வேலை தப்பிக்கும் என்பது சுத்தப் பொய். ஏஜென்ட் எப்படியும் வந்துவிட்டது, விளக்கம் இல்லாமலேயே. விளக்கம் இல்லாததால் நின்றுவிடவில்லை, தப்பாகச் செய்துகொண்டிருக்கிறது. அதன் தப்புக்கு 18 சதவீத வட்டி கட்டப்போவது கடைக்காரர். ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடிக்கப்போவது அக்கவுண்டன்ட்.

நான் கேட்பது வேறு. இந்த விளக்கங்களை எழுதுகிற வேலையை ஏன் புரோகிராமரிடம் விடுகிறீர்கள்? அவருக்கு "அப்டேட்" என்றால் டேட்டாபேஸில் ஒரு வரி மாறுவது. 24 மணி நேர விதியும், டிராயிங் பவரும், இருப்பாய்வு காட்டாத பிழையும் அவர் பாடத்திட்டத்தில் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும்தான் அவர் எழுதுகிற கோடு புரியாது. சான்றுச் சீட்டு இல்லாமல் பதிவு கூடாது, பதிவுக்குக் கீழே நரேஷன் எழுதாமல் விடக்கூடாது என்று மூன்று வருஷம் அடித்துச் சொல்லிக்கொடுத்தது எங்களுக்குத்தான். நரேஷன் எழுதத் தெரிந்தவனுக்குக் கருவி விளக்கம் எழுதத் தெரியாதா? எங்கள் பாடத்திட்டத்தில் டேலிக்கு லேப் இருக்கிறது. "ஒரு கருவி எப்போது தோற்கும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுக" என்று பத்து மார்க் கேள்வி ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. ஏஜென்ட்டுக்கென்று தனியாக ஒரு விளக்கம், மனுஷனுக்கு வீடியோ என்று பிரித்துவிடாதீர்கள். ஜெரமி ஹோவர்ட் 2024இல் இணையதளங்களில் ஏஐ படிப்பதற்கென்று தனிக் கோப்பு வைக்கலாம் என்று யோசனை சொன்னார், நல்ல யோசனைதான். ஆனால் நம்ம ஊரில் நடக்கப்போவது எனக்குத் தெரியும்: மெஷினுக்கு நல்ல ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதிவிட்டு, கவுண்டரில் நிற்கிற பெண்ணுக்குப் புல்லாங்குழல் வீடியோவே தொடரும். ஸ்டாக் விஷயத்தில் நான் எழுதி சித்தப்பா கடையில் ஒட்டிய அரைப் பக்கத் தமிழ்க் குறிப்பை ஏஜென்ட்டுக்கும் கொடுத்திருக்கிறோம். அதை அதிகம் படிப்பது போன மாதம் பில் போடச் சேர்ந்த அக்காதான்.

கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த தடவை டெமோ காட்ட ஆள் வரும்போது லேப்டாப்பைத் திறக்கவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்பினால் என்ன ஆகும்? எதைச் செய்தால் திரும்ப எடுக்க முடியாது? இது ரெண்டும் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? மூன்றாவதற்கு அவர் போனை எடுத்து யூட்யூபைத் திறந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.